கடுதாசி இருந்தால் வணிகன், இல்லாவிட்டால் கொள்ளையன்: கடற்கொள்ளை பற்றி வாசகர் கேள்விகள்

வங்கக் கடலோரக் கடற்கொள்ளையர் பற்றிக் கேட்டிருந்த வாசகர்களுக்கு இந்த இதழ் முழுவதும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக ஆக்கியிருக்கிறோம்.

கொங்கணக் கரையில் கனோஜி ஆங்கரே, மலபாரில் குஞ்ஞாலி மரைக்காயர் என்று பெயர்கள் கேள்விப்படுகிறோம். சென்னைப் பக்கம் அப்படி ஒரு பெயர்கூட இல்லையே, ஏன்? நம் கடலில் கொள்ளையே நடக்கவில்லையா?
– வாசகர், காசிமேடு

நடந்தது. ஆனால் கொள்ளையர் வந்து ஒதுங்க இங்கே இடம் இல்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஆங்கரே மராத்தியரின் கடற்படைத் தலைவர், குஞ்ஞாலிகள் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள். இவர்களைக் 'கொள்ளையர்' என்று எழுதியது இவர்களிடம் அடி வாங்கிய ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும்தான். அதை நாமும் அப்படியே திருப்பிச் சொல்வது நியாயமில்லை.

கரை விஷயத்துக்கு வருவோம். ஆங்கரே வம்சத்தாரின் விஜயதுர்க்கம் பாறைமேல் கட்டிய கோட்டை, அதன் பின்னால் ஆழமான கழிமுகம். அடித்துவிட்டு வரும் கலங்கள் உள்ளே போய் மறைந்துகொள்ளலாம். 1756 பிப்ரவரியில் ஒரு பெரிய பிரிட்டிஷ் கப்பற்படையே திரண்டு வந்துதான் அதைப் பிடிக்க முடிந்தது. சென்னைக் கரை அதற்கு நேர் எதிர். பழவேற்காட்டுக்குத் தெற்கே நேர்கோடாக மணல். கூவம், அடையாறு முகத்துவாரங்களை மணல் அடைத்துக்கொள்ளும். ஒளிய ஒரு மூலைகூடக் கிடையாது. 1875இல் துறைமுக வேலை தொடங்கும்வரை, வந்த கப்பல்கள் கரையிலிருந்து ஒன்றிரண்டு மைல் தள்ளித் திறந்த கடலில்தான் நங்கூரம் போட்டு நின்றன. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் அங்கே நிற்கவும் முடியாது.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலை உடைகிறதே, அதைத் தாண்ட மசூலா படகு ஒன்றுதான் வழி. அதில் ஆணி கிடையாது. உள்ளே வங்கு என்கிற விலாச்சட்டமும் கிடையாது. பலகைகளின் விளிம்பில் துளை போட்டு, இரண்டு பலகை சேரும் இடத்தில் நார்த் திரியை அடைத்து, தென்னங்கயிற்றால் இழுத்துத் தைத்திருப்பார்கள். ஏறக்குறைய 30 அடி நீளம், பத்துப் பன்னிரண்டு ஆட்கள், மூங்கில் கழியின் நுனியில் பலகை கட்டிய துடுப்புகள். அலை தூக்கி மணலில் போடும்போது ஆணி அடித்த ஐரோப்பியப் படகு பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். தையல் வழியே தண்ணீர் கசிவதால், இறைத்து ஊற்ற ஓர் ஆள் எப்போதும் வேண்டும். உப்புநீரில் கயிறு நைந்துபோகும், ஆகவே அவிழ்த்து மறுபடி தைக்க வேண்டும். கவிழ்ந்தால் ஆளைத் தூக்க, கட்டுமரங்கள் கூடவே வரும்.

ஆக, கொள்ளையடித்த சரக்கை இந்தக் கரையில் இறக்கவேண்டுமானாலும் குப்பத்து ஆட்களின் கையும் படகும் இல்லாமல் ஆகாது. அதனால்தான் கொள்ளையர் இந்தக் கடலில் வேட்டையாடினாலும் மடகாஸ்கர், அராக்கன் (இன்றைய மியன்மாரின் மேற்குக் கரை), நிக்கோபார் என்று வேறு இடங்களில் போய் ஒதுங்கினார்கள்.

புனித ஜார்ஜ் கோட்டைக்கு எதிரிலேயே நின்ற கப்பலைக் கொள்ளையர் ஓட்டிக்கொண்டு போனார்களாமே, உண்மையா?
– வாசகி, மண்ணடி

உண்மைதான். 1696இல் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ஜொசையா' என்ற கப்பல் சென்னைக்கு வந்து நின்றது. அதன் மாலுமிகளில் ராபர்ட் கலிஃபர்ட் என்று ஒருவன். பழைய கொள்ளையன், மேற்குக் கரையில் சில ஆண்டுகள் சிறையில் கிடந்து தப்பி, பம்பாயில் இந்தக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவன். அவனும் கூட்டாளிகளும் கப்பலைக் கைப்பற்றி வங்கக் கடலுக்குள் ஓட்டிவிட்டார்கள்.

கோட்டைப் பீரங்கிகள் இருக்கும்போது இது எப்படி நடக்கும் என்று தோன்றும். மேலே சொன்ன கரையை நினைத்துப் பாருங்கள். கப்பல் வெளியே நிற்கிறது. கப்பித்தானும் அதிகாரிகளும் கணக்கு வழக்குக்காக மசூலா ஏறிக் கரைக்குப் போவது வழக்கம். அந்த நேரத்தில் கப்பலில் மீதி இருப்பது மாலுமிகள்தான். ராத்திரியில் நிலத்துப் பக்கமிருந்து காற்று வீசும். விஷயம் தெரிந்து துரத்த நினைத்தாலும் முதலில் அலையைத் தாண்டவேண்டும், பாய் விரித்துத் தயாராக இன்னொரு கப்பலும் வேண்டும். துறைமுகம் இல்லாத ஊரில் கப்பலுக்குக் காவல் மாலுமிகளின் நாணயம் ஒன்றுதான்.

கலிஃபர்டுக்கு அது நிலைக்கவில்லை. நிக்கோபார் பக்கம் போனதும் மற்ற மாலுமிகள் கப்பலைத் திரும்பப் பிடித்துக்கொண்டு, அவனைத் தீவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அதே 1696 ஜூனில் 'மோக்கா' என்ற இன்னொரு கம்பெனிக் கப்பலின் மாலுமிகள் சுமத்ராவின் ஆச்சே அருகே கலகம் செய்து, கப்பித்தானைக் கொன்று கொள்ளைக்குக் கிளம்பியிருந்தார்கள். அவர்கள் கலிஃபர்டை ஏற்றிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அவர்களின் தலைவன் இறக்கவே, கப்பல் இவன் கைக்கு வந்தது. 1698 செப்டம்பரில் வேறொரு கொள்ளைக் கப்பலோடு சேர்ந்து 'கிரேட் முகமது' என்ற பெரிய முகலாய வணிகக் கப்பலை இவன் சூறையாடினான்.

1702இல் தாவூத் கான் சென்னையை முற்றுகையிட்டதற்கும் கடற்கொள்ளைக்கும் தொடர்பு உண்டா? பள்ளிப் பாடத்தில் 'பணம் கேட்டு வந்தார்' என்று மட்டும்தான் இருந்தது.
– ஆசிரியர், பெரம்பூர்

நேரடித் தொடர்பு உண்டு. 1695இல் ஹென்றி எவரி என்ற ஆங்கிலக் கொள்ளையன், ஹஜ் யாத்திரிகர்களோடு மெக்கா பக்கமிருந்து சூரத்துக்குத் திரும்பிய ஔரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைக் கொள்ளையடித்தான். அடுத்து 1698இல் கலிஃபர்டின் கொள்ளை. 'உங்கள் ஆட்கள் செய்ததற்கு நீங்களே பொறுப்பு' என்று முகலாயத் தரப்பு ஐரோப்பியக் கம்பெனிகளை நெருக்கியது. 1701இல், பேரரசுக்குள் இருக்கும் ஐரோப்பியரின் சரக்கைப் பறிமுதல் செய்யும்படி ஔரங்கசீப் ஆணையிட்டார். அந்த ஆணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கர்நாடக நவாப் தாவூத் கான் 1702இன் தொடக்கத்தில் சென்னைக்கு வரும் வழிகளை அடைத்தார். உள்ளே வரும் தானியமும் வெளியே போகும் துணியும் நின்றன. மூன்று மாதத்துக்கும் மேல் இழுத்து, ஆளுநர் தாமஸ் பிட் 25,000 ரூபாய் தரச் சம்மதித்த பிறகு விலகினார்.

நவாபுக்குப் பணத்தேவை இருந்தது என்பதும் சரிதான். ஆனால் அதற்குக் கையில் ஒரு காரணம் கொடுத்தது கடல். சென்னையிலிருந்து கப்பலைக் களவாடிய ஒருவன் அரபிக்கடலில் செய்த கொள்ளைக்கு, கடைசியில் சென்னை நெசவாளியும் அரிசி வாங்குபவனும் விலை கொடுத்தார்கள். கடற்கொள்ளைக் கதையில் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். புதையல் பெட்டிக் கதைகளில் இந்த ஆட்கள் வருவதே இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு கப்பல் வணிகக் கப்பலா, கொள்ளைக் கப்பலா என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? கொடியை வைத்தா?
– கல்லூரி மாணவி, சேப்பாக்கம்

கொடியை நம்பி யாரும் இருக்கவில்லை. எல்லாரும் நாலைந்து நாட்டுக் கொடிகளை மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். முடிவு செய்தது ஒரு காகிதம்.

அதைத் தொடங்கியவர்கள் போர்த்துகீசியர், 16ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில். ஆசியக் கப்பல் எதுவானாலும் அவர்களிடம் 'கர்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். கப்பலின் பெயர், கப்பித்தான் பெயர், எத்தனை ஆட்கள், என்ன ஆயுதம், எங்கே போகிறது என்று அதில் எழுதியிருக்கும். மிளகு போன்ற சரக்குகளை ஏற்றக்கூடாது, போகும் வழியில் போர்த்துகீசியக் கோட்டையில் நின்று சுங்கம் கட்டவேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. சீட்டுக்கான கட்டணம் சொற்பம்தான். அடி விழுவது சுங்கத்தில். சீட்டு இல்லாவிட்டால், அல்லது சீட்டில் எழுதியதற்கு மாறாக ஒரு மூட்டை இருந்தால், கப்பலும் சரக்கும் போய்விடும். நாம் இன்றும் சொல்கிற 'கடுதாசி' இந்தக் கர்தாஸ் வழியே வந்த சொல் என்று அகராதி காட்டுகிறது. வீட்டுக்கு வரும் கடிதத்தைக் குறிக்கும் சொல்லுக்குள் இப்படி ஒரு கடல் வரலாறு!

தலைமுறை தலைமுறையாக ஓடிய வழியில் ஓடுவதற்கு அந்நியனிடம் ஏன் சீட்டு வாங்கவேண்டும் என்று கேட்டவர்கள்தான் போர்த்துகீசிய ஏடுகளில் 'கொள்ளையர்' ஆனார்கள். 1538இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் போர்த்துகீசியரிடம் தோற்ற மரைக்காயர் படையும் அப்படிப் பெயர் வாங்கியதுதான்.

ஐரோப்பியருக்குள்ளும் இதே காகிதம்தான் உயிரை வைத்தது, எடுத்தது. வில்லியம் கிட்டின் வழக்கைப் பாருங்கள். எதிரிகளான பிரெஞ்சுக்காரரின் கப்பல்களைப் பிடிக்க ஆங்கில அரசின் உரிமத்தோடு வந்தவன். 1698 ஜனவரி 30 அன்று கொச்சிக்கு அப்பால் 'கெடா மெர்ச்சன்ட்' என்ற கப்பலை மடக்கினான். வங்காளத்திலிருந்து நம் கடல் வழியாகக் குமரியைச் சுற்றி சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல், ஆர்மீனிய வணிகர்களின் சரக்கு, கப்பித்தான் ஆங்கிலேயர். கிட் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு நெருங்கினான். ஏமாந்த கப்பலிலிருந்து பிரெஞ்சுச் சீட்டை எடுத்துக் காட்டினார்கள். 'பிரெஞ்சுச் சீட்டு இருக்கிறது, எனவே சட்டப்படி என் பிடிப்பு' என்றான் கிட். லண்டனில் விசாரணை நடந்தபோது அந்தச் சீட்டுகள் நீதிமன்றத்துக்கு வந்து சேரவில்லை. 1701 மே 23 அன்று தூக்கில் போட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் ஆவணங்களுக்குள்ளிருந்து அவை வெளியே வந்தன. அவை அன்றே கிடைத்திருந்தால் விடுதலை ஆகியிருப்பான் என்று சொல்லிவிட முடியாது, தன் மாலுமி ஒருவனைக் கொன்ற குற்றமும் அவன்மேல் இருந்தது. ஆனால் கொள்ளைக் குற்றச்சாட்டுக்கு எதிராக அவனிடம் இருந்த ஒரே சான்று அதுதான்.

ஒரு எச்சரிக்கை: கிட் கப்பலைப் பிடித்தது 1697 என்று பல கட்டுரைகளில் பார்க்கலாம். அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி நிகழ்ச்சிகளைப் பழைய ஆண்டுக் கணக்கிலேயே எழுதிவைத்தார்கள். 1752வரை இந்தக் குழப்பம் உண்டு. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கோட்டை ஆலோசனைக் குறிப்பேடுகளைப் புரட்டும்போது மார்ச் 25க்கு முந்தைய தேதி என்றால் ஆண்டோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். தேதியும் பத்துப் பதினொரு நாள் பின்தங்கியிருக்கும், டச்சுக்காரர் அல்லது பிரெஞ்சுக்காரர் ஆவணத்தோடு ஒப்பிடும்போது அதையும் சரிசெய்ய வேண்டும்.

பிடிபட்ட வணிகர்களுக்குக் கொள்ளையர் புளித்தண்ணீர் கொடுத்தார்கள் என்று படித்தேன். கட்டுக்கதையா?
– வாசகி, மயிலாப்பூர்

மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் குஜராத் கரையைப் பற்றிச் சொன்னது. பிடிபடும் நேரத்தில் வணிகர்கள் முத்தையும் மணிகளையும் விழுங்கிவிடுவார்களாம். அதை வெளியே எடுக்கப் புளியைக் கடல்நீரில் கரைத்துக் குடிக்க வைத்தார்கள் என்கிறார். புளி மலத்தை இளக்கும், உப்புநீர் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியாக்கும், இரண்டும் நம் பாட்டிகளுக்குத் தெரிந்த சங்கதிதான். முறை நம்பத்தக்கதே.

அவர் மலபார்க் கொள்ளையர் பற்றிச் சொன்னது இன்னும் சுவையானது. 20, 30 கலங்கள் ஒன்றுக்கொன்று ஐந்து மைல் இடைவெளியில் வரிசையாக நிற்கும். 20 கலம் என்றாலே 100 மைல் கடல் அடைபட்டுவிடும். ஒரு கலம் இரையைக் கண்டதும் புகை அல்லது தீ காட்டும், மற்றவை அங்கே குவியும். கணக்கு சரியாக வருகிறது: பாய்மரத்தின் மேல் சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருப்பவர் கண்ணுக்கு அடிவானம் 11 கிலோமீட்டர். ஐந்து மைல் அதற்குள் அடங்கும்.

பழவேற்காட்டில் கொள்ளையர் பிடித்த மனிதர்களை விற்றார்கள் என்கிறார்கள். எங்கள் ஊரின்மேல் வீண்பழியா?
– வாசகர், பழவேற்காடு

பழி ஊரின்மேல் இல்லை, வாங்கிய கம்பெனியின்மேல். டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அப்போது சிட்டகாங்கை இருப்பிடமாகக் கொண்டு மக்கர் எனப்பட்ட அராக்கன்காரர்களும் போர்த்துகீசியப் பரங்கிகளும் வங்காளத்து ஆற்றங்கரைக் கிராமங்களைச் சூறையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கொள்ளையிட்ட சரக்கு மனிதர்கள். முகலாயத் தரப்பில் ஷிஹாபுதீன் தாலிஷ் எழுதி வைத்திருப்பதைப் படித்தால் மனம் பதறும்: பிடிபட்டவர்களின் உள்ளங்கையில் துளையிட்டு, மெல்லிய பிரம்பைக் கோர்த்து, ஒருவர்மேல் ஒருவராகக் கப்பல் தளத்தின் கீழே போடுவார்கள். காலையும் மாலையும் கோழிக்கு இறைப்பதுபோல் சமைக்காத அரிசியை மேலிருந்து இறைப்பார்கள். இவர்களை வாங்கியவர்களில் டச்சுக் கம்பெனியும் ஒன்று. பழவேற்காட்டுக் கோட்டை அந்த வணிகத்தின் முக்கியக் கண்ணி, அங்கிருந்து பலர் ஜாவாவின் படேவியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1666இல் வங்காளத்தின் முகலாய ஆளுநர் ஷாயிஸ்தா கானின் படை சிட்டகாங்கைப் பிடித்த பிறகு வங்காளத்துச் சூறை பெருமளவு ஒடுங்கியது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறையின் வேலைப்பாட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு இதையும் சொல்லவேண்டும்.

கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய சரக்கை எடுத்துக்கொள்வதும் கொள்ளைதானா?
– வாசகர், திருவொற்றியூர்

பழைய காலத்தில் அது அரசர்களின் உரிமையாகவே இருந்தது. அதை விட்டுக்கொடுத்த ஒரு கல்வெட்டு நமக்கு வடக்கே ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் இருக்கிறது. காகதீய மன்னர் கணபதி தேவர் 1244-45இல் பொறித்த அபய சாசனம். முன்பிருந்த அரசர்கள் புயலில் ஒதுங்கிய கலங்களின் பொன், யானை, குதிரை, மணி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள், நாம் சுங்கம் போக மீதியை விட்டுவிடுகிறோம் என்கிறார். சுங்கம் 30இல் ஒரு பங்கு. இரக்கத்தோடு கணக்கும் இருக்கிறது: ஒரு கப்பலைப் பறித்தால் ஒரு தடவை லாபம், நூறு கப்பல் பயமின்றி வந்தால் ஆண்டுதோறும் முப்பதில் ஒன்று.

எம்டன் கொள்ளைக் கப்பலா?
– வாசகர், பாரிமுனை

இல்லை. ஜெர்மானியக் கடற்படையின் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்டது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. செண்பகராமன் பிள்ளை அதில் வந்தார் என்பது கதை, அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். நினைவுக் கல் உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிற்சுவரில் இருக்கிறது.

கோடியக்கரை, நாகை மீனவர்களைப் படகில் வந்து தாக்கி வலை, இன்ஜின், ஜிபிஎஸ் பறிப்பவர்களைச் செய்திகளில் 'கடற்கொள்ளையர்' என்கிறார்கள். சட்டப்படியும் அப்படித்தானா? பாதிக்கப்பட்டவர் என்ன செய்யவேண்டும்?
– விசைப்படகு உரிமையாளர், ராயபுரம்

பேச்சு வழக்கில் சரி. சட்டத்தில் இடத்தைப் பொறுத்தது. சர்வதேச விதிப்படி கடற்கொள்ளை என்றால் மூன்றும் இருக்கவேண்டும்: ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்தைத் தாக்குவது, சொந்த ஆதாயத்துக்காக, எந்த நாட்டின் ஆட்சிப்பரப்பிலும் சேராத கடலில். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டருக்குள் நடந்தால் அது சாதாரண வழிப்பறி. ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. பாரதிய நியாய சம்ஹிதாவில் 309, 310 பிரிவுகள். பாக் நீரிணையில் இரு நாடுகளின் எல்லைகள் ஒட்டிக்கொண்டிருப்பதால், அங்கே எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் நடந்தது என்பதே வழக்கின் உயிர்.

நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் 2022இல்தான் வந்தது. அது இல்லாத காலத்தில் என்ன ஆனது என்பதற்கு 'அலோண்ட்ரா ரெயின்போ' வழக்கு உண்டு. 1999இல் கடத்தப்பட்ட அந்த ஜப்பானியக் கப்பலை நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் துரத்திப் பிடித்தன. 2003இல் தண்டிக்கப்பட்டவர்களை 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

மீனவர் செய்யவேண்டியது: சந்தேகப் படகு நெருங்கும்போதே விஹெச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் படகின் பெயரையும் நிற்கும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். ஏறியவுடன் அவர்கள் பறிப்பது ஜிபிஎஸ், அதோடு சான்றும் போய்விடும். ஆபத்துக் கருவி இருந்தால் பொத்தானை அழுத்துங்கள். செல்போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸுக்கு 1093. இன்ஜின் நம்பர், ஜிபிஎஸ் கருவியின் நம்பர் இரண்டையும் கரையில் வீட்டில் எழுதி வைத்திருங்கள், புகாரில் அது இல்லாமல் போனால் மீட்ட பொருள் உங்களுடையது என்று காட்ட முடியாது. கரைக்கு வந்ததும் காயத்துக்கு அரசு மருத்துவமனையில் பதிவு செய்துவிட்டுப் புகார் கொடுங்கள். எல்லைத் தகராறு சொல்லி மறுத்தால், எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம் என்று கேளுங்கள்.

புகார்கள் பெரும்பாலும் சறுக்குவது ஆயத்தொலைவில். ஜிபிஎஸ் திரையில் 10 டிகிரி 16.5 நிமிடம் என்று இருப்பதை '10.165' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். 16.5 நிமிடத்தை 60ஆல் வகுத்தால் 0.275, ஆகவே சரியான எண் 10.275. வித்தியாசம் 12 கிலோமீட்டர். நடந்த இடம் ஒன்று, காகிதத்தில் இருக்கும் இடம் வேறு என்று ஆகிவிடும். டிகிரி, நிமிடம் என்று எழுத்திலேயே எழுதிக் கொடுங்கள்.